கடல் உயர்வுக் கணக்கும் தேசத்தின் கடமையும்

2100-ஆம் வருஷத்தில் உலகத்துக் கடல்களின் மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு ஒரே ஓர் எண்ணை விடையாகக் கொடுக்க எந்த விஞ்ஞானியும் சம்மதிப்பதில்லை. சீதோஷ்ண மாறுதலை ஆராய்வதற்காக 1988-ல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் ஆதரவில் ஏற்பட்ட சர்வதேசக் குழு, 2021-ல் வெளியிட்ட தன் ஆறாவது அறிக்கையில், 0.28 மீட்டரிலிருந்து 1.01 மீட்டர் வரையில் என்று விடை கூறிற்று. அதாவது, ஓர் அடிக்குச் சற்றுக் குறைவிலிருந்து மூன்றேகால் அடிக்குச் சற்று அதிகம் வரையில். அதோடு நிற்கவுமில்லை, உயர்வு 2 மீட்டரை நெருங்கக்கூடும் என்பதையும் அடியோடு தள்ளிவிட முடியாது என்று எச்சரித்தது.

இதைக் கேட்ட ராஜ்யவாதிகளில் ஒரு சாரார், “அவர்களுக்கே நிச்சயமில்லை, நிச்சயமாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று கட்டை மூடி வைத்துவிடுகிறார்கள். மற்றொரு சாரார், இருப்பதில் பெரிய எண்ணைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, நாளைக்கே பிரளயம் வந்துவிடும் என்று மேடைகளில் முழங்குகிறார்கள். இவ்விரு சாராரும் கணக்கைப் படிக்க மறுக்கிறவர்களே. முன்னவர்களால் காரியம் நடைபெறாது. பின்னவர்களால் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விடும். ஆகையால், இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எவ்வளவு தூரம் அவற்றை நம்பலாம், நம்பினால் ஒரு தேசம் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை நிதானமாக ஆராய்வது பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களுக்கு இன்றியமையாததாகிறது.

ஜோசியமன்று, கணக்கு

முதலாவதாக ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். விஞ்ஞானிகள் சொல்வது ஜோசியமன்று. “இவ்வாறு நடந்தால் இவ்வளவு உயரும்” என்ற நிபந்தனைக் கணக்கே அது. மேலே கூறிய 0.28-க்கும் 1.01-க்கும் இடையிலுள்ள தூரத்தை அவர்களுடைய அறியாமையின் அளவு என்று எண்ணுவது தவறு. அதில் பெரும் பகுதி நம்முடைய நடத்தையைப் பொறுத்தது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதனால் உண்டாகும் கரியமிலவாயுவை உலகம் இந்த நூற்றாண்டின் மத்தியிலேயே கட்டுக்குள் கொண்டுவந்து, வெளியிடுவதும் உறிஞ்சப்படுவதும் சரிசமமாகும்படி செய்துவிட்டால், 2100-ல் உயர்வு 0.28 முதல் 0.55 மீட்டர். கட்டுப்பாடே இல்லாமல் மேலும் மேலும் எரித்துக்கொண்டு போனால் 0.63 முதல் 1.01 மீட்டர். இரண்டும் 1995 முதல் 2014 வரையிலுள்ள சராசரி மட்டத்துக்கு மேல் கணக்கிடப்பட்டவை.

2050-ஆம் வருஷத்துக் கணக்கைப் பார்த்தால் வேறோர் உண்மை புலப்படும். நல்ல வழியில் சென்றால் அப்போது 0.15 முதல் 0.23 மீட்டர், கெட்ட வழியில் சென்றால் 0.20 முதல் 0.29 மீட்டர். வித்தியாசம் சொற்பமே. ஏனென்றால், சமுத்திரம் மிகவும் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும் பொருள். இன்னும் இருபத்தைந்து வருஷங்களில் வரவேண்டிய உயர்வுக்கு வேண்டிய உஷ்ணத்தின் பெரும் பகுதி ஏற்கனவே அதனுள் சென்றுவிட்டது. இப்போது நாம் செய்யும் நன்மை தீமைகளின் பலனைப் பேரர்களே காண்பார்கள். ஆகவே, அந்த இருபத்தைந்து வருஷத்து உயர்வுக்குத் தயாராவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. அதற்குப் பிந்திய உயர்வின் அளவோ இன்னும் பெரும்பாலும் மனிதர் கையில் இருக்கிறது.

கடல் ஏன் உயருகிறது?

பூமியில் அதிகமாகத் தங்கிவிடும் உஷ்ணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள் போய்ச் சேருகிறது. உஷ்ணம் ஏறினால் தண்ணீர் விரிகிறது. 1971 முதல் 2018 வரையில் ஏற்பட்ட உயர்வில் சரிபாதி இந்த விரிவினால் வந்தது. மலைகளின் மேலுள்ள பனியாறுகள் உருகியதனால் வந்தது 22 சதவிகிதம். கிரீன்லாந்தையும் அண்டார்க்டிகாவையும் மூடியிருக்கும் பெரும் பனிப் பாளங்கள் கரைந்ததனால் வந்தது 20 சதவிகிதம். பாக்கி 8 சதவிகிதம், நிலத்தடி நீரை இறைத்தல், அணைகளில் தேக்குதல் முதலிய காரியங்களால் நிலத்திலுள்ள நீரின் அளவு மாறியதன் விளைவு. கடலில் மிதக்கும் பனி உருகினால் மட்டம் அநேகமாக மாறாது. நிலத்தின்மேல் கிடக்கும் பனி கடலுக்குள் இறங்கினால்தான் மாறும் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இவை ஊகங்கள் அல்ல, அளந்து கண்டவை. துறைமுகங்களில் நட்டிருக்கும் அளவுகோல்களின் பதிவுகளை இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் நிலையம் 1933 முதல் சேகரித்து வருகிறது. 1992-ல் அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து ஏவிய டோபெக்ஸ்-போசைடன் என்னும் செயற்கைக் கோளும் அதன் பின்வந்தவைகளும் வானத்திலிருந்தே கடல் மட்டத்தை அளந்து வருகின்றன. ஆர்கோ என்னும் திட்டத்தின்கீழ் சுமார் 4,000 மிதவைகள் உலகத்துக் கடல்களில் 2,000 மீட்டர் ஆழம் வரையில் முங்கி எழுந்து உஷ்ணத்தை அறிவிக்கின்றன. 2002 முதல் பூமியின் ஆகர்ஷண சக்தியில் ஏற்படும் நுண்ணிய மாறுதலைக்கொண்டு பனிப் பாளங்களின் எடையையே நிறுத்துப் பார்க்கும் செயற்கைக் கோள்களும் இயங்குகின்றன. இவை யாவும் சேர்ந்து கூறுவது இதுதான்: 1993 முதல் 2002 வரையில் கடல் வருஷத்துக்குச் சுமார் 2.1 மில்லிமீட்டர் உயர்ந்தது; 2014 முதல் 2023 வரையிலோ வருஷத்துக்குச் சுமார் 4.8 மில்லிமீட்டர். வேகம் இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டது.

எண்களால் ஓர் உலகம்

நடந்ததை அளக்கலாம், நடக்கப்போவதை எப்படிக் கணக்கிடுவது? இதற்கு வழிகாட்டியவர் லூயிஸ் ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கிலேயர். முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸில் காயமடைந்தவர்களை ஏற்றிச் செல்லும் படையில் வேலை செய்துகொண்டே, 1910 மே 20-ந் தேதியன்று ஆறு மணி நேரத்தில் காற்றின் அழுத்தம் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று கையால் கணக்கிட்டார். 145 மில்லிபார் என்று விடை வந்தது. உண்மையிலோ அழுத்தம் அநேகமாக மாறவேயில்லை. எனினும், அவர் மனந்தளராமல் 1922-ல் தம் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். 64,000 பேரை ஒரு பெரிய மண்டபத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னால் வானிலையோடு ஓடிப் பிடிக்கலாம் என்று அதில் எழுதினார். அந்த 64,000 பேரின் வேலையைப் பிற்காலத்தில் கம்ப்யூட்டர் யந்திரம் ஏற்றுக்கொண்டது.

1967-ல் ஸ்யூகுரோ மனாபே என்னும் ஜப்பானிய விஞ்ஞானியும் ரிச்சர்டு வெதரால்டும் அமெரிக்காவில் அந்த யந்திரத்தைக்கொண்டு, காற்றிலுள்ள கரியமிலவாயு இரண்டு மடங்கானால் பூமியின் உஷ்ணம் 2 டிகிரிக்குச் சற்று அதிகமாக உயரும் என்று கணக்கிட்டார்கள். 1969-ல் மனாபேயும் கிர்க் பிரையனும் காற்றையும் கடலையும் ஒரே கணக்கில் பிணைத்தார்கள். 2021-ல் மனாபேக்கு பௌதிகத்துக்குரிய நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இன்றைய மாதிரிகளும் அடிப்படையில் அவ்விதமானவையே. பூமியைச் சுற்றியுள்ள காற்றையும் கடலையும் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். காற்றில் ஒரு பெட்டியின் பக்கம் சுமார் 100 கிலோமீட்டர். பொருளும் சக்தியும் அழிவதில்லை என்ற நியதியையும், நியூட்டன் கண்ட சலன விதிகளையும் ஒவ்வொரு பெட்டிக்கும் பொருத்தி, சிறிது சிறிதாகக் காலத்தை நகர்த்திக்கொண்டே நூறு வருஷம் வரையில் கணக்கிடுகிறார்கள். பெட்டியைவிடச் சிறிய மேகம் போன்றவற்றை மட்டும் தோராயமான சூத்திரங்களால் நிரப்புகிறார்கள். மாதிரிக்கு மாதிரி விடை வேறுபடுவதற்கு முக்கிய காரணம் இந்தத் தோராயந்தான். அதனால்தான் ஒரு மாதிரியை மட்டும் நம்பாமல், பல தேசங்களின் ஆராய்ச்சி நிலையங்களில் உருவான மாதிரிகளை ஒரே கேள்வியைக் கேட்டு ஒத்திட்டுப் பார்க்கிறார்கள்.

மாதிரிக்குப் பரீட்சையும் உண்டு. 1850-லிருந்து இன்று வரையில் நடந்ததை அது திருப்பிச் சொல்ல வேண்டும். சூரியனும் எரிமலைகளும் மாத்திரமே மாறின என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், உண்மையில் ஏற்பட்ட உஷ்ணம் கிடைப்பதில்லை. மனிதன் வெளியிட்ட வாயுக்களைச் சேர்த்தால்தான் கணக்கு ஒத்துவருகிறது.

கடல் உயர்வுக் கணக்கு இந்த ஒரு மாதிரியோடு முடிவதில்லை. நீரின் விரிவை மேற்படி மாதிரிகள் சொல்லுகின்றன. பனிப் பாளங்களுக்குத் தனி மாதிரிகள், மலைப் பனியாறுகளுக்குத் தனி மாதிரிகள், நிலத்து நீருக்குத் தனிக் கணக்கு. வியாபாரி பல ஏடுகளிலிருந்து பற்று வரவைத் திரட்டி ஐந்தொகை எடுப்பதுபோல, இவற்றையெல்லாம் கூட்டித்தான் இறுதி எண்ணைக் காண்கிறார்கள்.

பழைய கணக்கு பலித்ததா?

கணக்குப் போட்டவர்களின் யோக்கியதையைப் பழைய கணக்கைக்கொண்டு சோதிப்பதே நியாயம். சர்வதேசக் குழுவின் முதல் அறிக்கை 1990-ல் வெளிவந்தது. கட்டுப்பாடின்றி நடந்தால் அடுத்த நூற்றாண்டின் முடிவில் சுமார் 65 சென்டிமீட்டர் என்று அது கூறிற்று. இரண்டாவது அறிக்கையின் மத்திய மதிப்பீட்டின்படி அடுத்த முப்பது வருஷங்களில் சுமார் 8 சென்டிமீட்டர் உயர வேண்டும். முப்பது வருஷம் கடந்தபின் செயற்கைக் கோள் அளந்தது சுமார் 9 சென்டிமீட்டர் என்று 2025-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. செயற்கைக் கோள் கடலை அளக்கத் தொடங்கிய காலத்தில், இன்றைய யந்திரங்களோடு ஒப்பிட்டால் விளையாட்டுச் சாமான் போன்றவற்றைக் கொண்டு போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கி வந்தது சாமான்யமான வெற்றியன்று.

ஆனால், அதே ஆராய்ச்சி ஒரு குறையையும் சுட்டிற்று. பனிப் பாளங்களின் பங்கைப் பழைய கணக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் குறைவாக மதித்திருந்தது. மொத்தம் ஒத்துவந்தது, உட்பிரிவு ஒத்துவரவில்லை. இந்தக் குறை பிற்கால அறிக்கையிலும் தொடர்ந்தது. 2007-ல் வெளியான நான்காவது அறிக்கை, நூற்றாண்டின் இறுதியில் 18 முதல் 59 சென்டிமீட்டர் என்று கூறிற்று. பனிப் பாளங்கள் வேகமாகச் சரிந்து கடலுக்குள் ஓடுவதை அப்போது கணக்கிட இயலாமையால், அதை இந்த எண்களில் சேர்க்கவில்லை என்று அறிக்கையே தெரிவித்திருந்தது. ஆயினும், பலர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். எண் சிறியதாகவும் இடைவெளி குறுகியதாகவும் இருந்தால் கணக்கு நிச்சயமானது என்று நினைப்பது எவ்வளவு அபாயம் என்பதற்கு இது ஒரு பாடம்.

தென் துருவத்துப் புதிர்

இன்று மிச்சமிருக்கும் பெரும் ஐயம் அண்டார்க்டிகாவைப் பற்றியதே. அங்குள்ள பனி முழுவதும் உருகினால் கடல் சுமார் 58 மீட்டர் உயரும். கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் சுமார் 7 மீட்டர். அவ்வளவும் உருகப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும் என்பது மெய்யே. ஆனால், மேற்கு அண்டார்க்டிகாவின் நிலை வேறு. அங்கே பனி உட்கார்ந்திருக்கும் தரையே கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளது. உள்ளே போகப் போக அது மேலும் தாழ்ந்து செல்கிறது. வெதுவெதுப்பான கடல்நீர் அடியிலே புகுந்து பனியின் விளிம்பைப் பின்வாங்கச் செய்தால், பின்வாங்கும் ஒவ்வோர் அடியிலும் விளிம்பு உயரமாகி, பனி மேலும் வேகமாக வெளியேறும். இந்த அபாயத்தை ஜான் மெர்ஸர் என்ற விஞ்ஞானி 1978-லேயே எடுத்துக்கூறினார். 2002-ல் லார்ஸன்-பி என்னும் மிதக்கும் பனித்தட்டு சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பரப்புச் சில வாரங்களுக்குள் நொறுங்கிப்போனபோது, பனி எப்போதும் நிதானமாகவே நடந்துகொள்ளும் என்ற எண்ணம் தகர்ந்தது. அங்குள்ள த்வைட்ஸ் என்னும் பனியாறு ஒன்று மாத்திரம் முழுதும் போனால் உலகத்துக் கடல்கள் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும்.

அது எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பதில்தான் நிபுணர்களுக்குள் ஒருமித்த அபிப்பிராயம் ஏற்படவில்லை. அதனால்தான் 2021 அறிக்கை 2 மீட்டர் என்பதைத் தன் பிரதான கணக்கில் சேர்க்காமல், தனியாக எச்சரிக்கையாகக் கூறியது. இன்னொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். பிரதான கணக்கின் மேல் எல்லையான 1.01 மீட்டர் என்பது கூரையன்று. மூன்றில் இரண்டு பங்கேனும் வாய்ப்பு உண்டு என்று அவர்கள் கருதும் எல்லைக்கோடே அது. உண்மையான மட்டம் அதைத் தாண்டுவதற்கும் இடமிருக்கிறது. கரையோரத்தில் வீடு கட்டுகிறவனோ துறைமுகம் அமைக்கிறவனோ, “பெரும்பாலும் இடியாது” என்ற உறுதிமொழியோடு திருப்தி அடைவானா?

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உயர்வதில்லை

கடல் ஒரு தொட்டியில் ஊற்றிய தண்ணீர்போல எங்கும் சமமாக உயருவதில்லை. கிரீன்லாந்தின் பனி தன் எடையால் சுற்றியுள்ள கடலைத் தன்பால் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பனி குறைந்தால் இழுப்பும் குறைந்து, அருகிலே கடல் தாழ்ந்து, தூரத்திலே அதிகமாக உயருகிறது. உருகுவது ஒரு துருவத்தில். தண்டனை பூமியின் மறுகோடியில்.

நிலமும் சும்மா இருப்பதில்லை. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்தில், பண்டைய பனிப் பாளத்தின் பாரம் நீங்கியதனால் நிலமே எழும்பி வருவதால், கரையில் கடல் தாழ்ந்து வந்திருக்கிறது. இந்தோனேஷியாவில் ஜகார்த்தா நகரத்தின் வடபகுதியிலோ, நிலத்தடி நீரை அளவுமீறி உறிஞ்சியதனால், கடல் உயருவதைவிடப் பன்மடங்கு வேகத்தில் நிலம் அமிழ்ந்திருக்கிறது. வேறு தலைநகரம் அமைக்க 2022-ல் அந்நாடு சட்டமே இயற்றிற்று. ஆகவே, உலகச் சராசரியைக் கேட்பதோடு நில்லாமல், “எங்கள் கரையில் எவ்வளவு?” என்று கேட்பதே சரியான கேள்வி.

ஹாலந்து காட்டிய வழி

வருங்காலக் கடலைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கின்மேல் தேசத்தை நிறுத்தியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஸாய்டர்ஸீ என்னும் கடற்கழியின் வாயை 32 கிலோமீட்டர் நீளமுள்ள அணையால் அடைத்துவிடுவதென்று 1918-ல் சட்டம் செய்தார்கள். அடைத்தால் வெளியே உள்ள கரைகளில் அலையேற்றமும் புயல் வெள்ளமும் எவ்வளவு அதிகமாகும் என்பது கேள்வி. அதைக் கண்டுசொல்ல, 1902-ல் நோபல் பரிசு பெற்ற பௌதிக மேதையான ஹெண்ட்ரிக் லோரென்ட்ஸையே தலைவராக அமைத்தார்கள். மின்சார சாஸ்திரத்தில் உலகப் புகழ் பெற்ற அப்பெரியார், எட்டு வருஷம் உழைத்து, 1926-ல் அறிக்கை தந்தார். 1928-ல் காலமானார். 1932-ல் அணை மூடப்பட்டது. கடல் ஏறக்குறைய அவர் எழுதியபடியே நடந்துகொண்டது. இல்லாத ஒரு கடலைக் காகிதத்தில் கண்டவரை நம்பி அத்தேசத்தார் மண்ணையும் கல்லையும் கொட்டினார்கள், மோசம் போகவில்லை.

கணக்கை அலட்சியம் செய்த அனுபவமும் அவர்களுக்கு உண்டு. நாட்டின் தென்மேற்கில் கரைகள் தாழ்ந்திருக்கின்றன என்று யோஹான் வான் வேன் என்ற சர்க்கார் இஞ்சினீயர் பல வருஷங்களாக எச்சரித்து வந்தார். யுத்தமும் செலவும் காரணமாக வேலை தள்ளிப்போயிற்று. 1953 ஜனவரி 31-ந் தேதி இரவு புயலோடு கடல் பொங்கிக் கரைகளை உடைத்தது. 1,836 பேர் மாண்டார்கள்.

அதே பிப்ரவரியில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. வான் டான்ட்ஸிக் என்னும் கணித நிபுணர், கரையை உயர்த்தும் செலவையும், உயர்த்தாவிட்டால் நேரக்கூடிய நஷ்டத்தையும் ஒரே தராசில் நிறுத்திக் காட்டினார். அதன்மேல், ஜனநெருக்கம் மிகுந்த மத்திய ஹாலந்தில், 10,000 வருஷங்களுக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்தையும் தாங்கும்படி கரை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஐயம் இருக்கிறது என்று அவர்கள் வேலையை நிறுத்தவில்லை. ஐயத்தையே ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணைக் கரையின் உயரமாக்கினார்கள். அந்தப் பெருந்திட்டத்தின் கடைசி வேலை 1997-ல் ராட்டர்டாம் அருகே முடிந்தது.

அதோடும் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 2008-ல் மற்றொரு குழு, 2100-க்குள் 0.65 முதல் 1.30 மீட்டர் உயர்வுக்குத் தயாராக வேண்டும் என்று கூறிற்று. முந்திய வருஷத்திய சர்வதேச அறிக்கையின் எண்ணைவிட இது பெரிது என்பது கவனிக்கத்தக்கது. அறிக்கை விட்டுவிட்ட பனிச் சரிவை இவர்கள் வேண்டுமென்றே சேர்த்துக்கொண்டார்கள். 2012-ல் இதற்கென்று சட்டம் அமலுக்கு வந்தது. அச்சட்டப்படி தனி அதிகாரியும் தனி நிதியும் உண்டு. வருஷந்தோறும் பார்லிமெண்டுக்குத் திட்டம் வைக்க வேண்டும். மந்திரிசபை மாறினாலும் கரைக் கணக்கு மாறாது. 2017 முதல், வெள்ளத்தினால் உயிரிழக்கும் வாய்ப்பு எந்தப் பிரஜைக்கும் வருஷத்துக்கு லட்சத்தில் ஒன்றுக்கு மேற்படலாகாது என்பதையே அளவுகோலாக்கிச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள்.

லண்டன் நகரத்தாரும் இதே புத்தியைக் கடைப்பிடித்தார்கள். 2012-ல் ஏற்றுக்கொண்ட தேம்ஸ் திட்டத்தில், 2.7 மீட்டர் வரையில் நீர்மட்டம் உயரக்கூடிய கடைசி அபாயத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, எந்த அறிகுறி தோன்றினால் எந்த வேலையைத் தொடங்குவது என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முழுச் செலவையும் இன்றே செய்யவில்லை; நாளைக்குச் செய்யவேண்டியதற்கு இன்று இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

நமது கரை

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஆராய்ந்த மத்திய சர்க்காரின் தேசியக் கடற்கரை ஆராய்ச்சி நிலையம், இந்தியக் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டு வருவதாகக் கண்டது. அரிப்புக்குக் கடல் உயர்வு ஒன்றே காரணமன்று. துறைமுகச் சுவர்களும், ஆற்றுமணல் கடலுக்கு வராமல் அணைகளில் தங்குவதும் காரணங்கள். ஏற்கனவே நலிந்த கரையின்மேல்தான் கடல் உயரப்போகிறது என்பதே கவலைக்குரியது. சென்னை, விசாகப்பட்டினம், கொச்சி, மும்பை முதலிய இடங்களுக்குச் சர்வதேசக் குழுவின் கணக்கைத் தனித்தனியாகப் பிரித்து எவரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே, கணக்கு கிடைக்கவில்லை என்று நம் அதிகாரிகள் சொல்ல இடமில்லை.

கணக்கை நாம் என்ன செய்தோம் என்பதே கேள்வி. 2011-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, கடல் ஏற்றம், அலை, கடல் மட்ட உயர்வு, கரை மாறுதல் இவற்றையெல்லாம் ஆராய்ந்து கரை நெடுகிலும் ‘ஆபத்துக் கோடு’ ஒன்று வரையப்பட வேண்டும் என்று விதித்தது. ஒழுங்குமுறைக்கு உட்பட்ட எல்லையை நிர்ணயிப்பதில் அக்கோட்டுக்கு இடமும் கொடுத்தது. இந்திய நில அளவை இலாகா அதை வரையவும் செய்தது. ஆனால், 2019-ல் வந்த புதிய அறிவிக்கை, அந்தக் கோட்டை விபத்து நிவாரணத்துக்கும் முன்னேற்பாட்டுக்கும் உபயோகமான கருவி என்ற அளவில் நிறுத்திவிட்டது. எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லாமற் போயிற்று. அதே அறிவிக்கையில், ஜனநெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில் கட்டடம் எழுப்பக்கூடாத இடம் 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறுக்கப்பட்டது. டச்சுக்காரர்கள் எண்ணைச் சட்டமாக்கினார்கள். நாம் சட்டத்தில் இருந்த எண்ணை எடுத்துப் படத்தில் மாட்டிவிட்டோம்.

கரையோரத்து மீனவக் குடும்பங்களுக்கு வீடு கட்ட இடம் வேண்டும் என்பது அந்த மாறுதலுக்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. அந்தத் தேவை உண்மையானது; அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், கடல் வந்து சேரும் இடம் என்று நாமே கோடு கிழித்த நிலத்தில் அவர்களைக் குடியமர்த்துவது உபகாரமாகுமா? தொழிலுக்கு அண்மையாகவும், அபாயத்துக்கு அப்பாலும் இடம் தருவதே உபகாரம். அதற்குப் பணம் செலவாகும்; நிலம் எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் கோட்டின் அதிகாரத்தைப் பறித்தார்களா என்று ஜனங்கள் கேட்க உரிமையுண்டு.

கேட்க வேண்டியவை

இதில் நீதி விஷயமும் அடங்கியிருக்கிறது. கரியமிலவாயுவில் நூற்றில் ஒரு பங்குகூட வெளியிடாத சிறு தீவு நாடுகள் முதற் பலியாகின்றன. மாலத்தீவின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல் மட்டத்துக்கு 1 மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது. சிறு நாடுகள் 1989-லேயே மாலேயில் கூடி இதைப்பற்றி முறையிட்டன. வனுவாட்டு நாட்டின் முயற்சியால் சர்வதேச நீதிமன்றத்தின் முன் சென்ற கேள்விக்கு, 2025 ஜூலை 23-ந் தேதி அந்நீதிமன்றம் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தது. சீதோஷ்ணத்தைக் காப்பது ராஜ்யங்களின் சட்டபூர்வமான கடமை என்று அது கூறியது. மாதிரிகள் தந்த எண்கள் ஆராய்ச்சிசாலையை விட்டு நீதிமன்றத்துக்கே வந்துவிட்டன. அவை சட்டசபைக்கு வருவதற்குமட்டும் என்ன தடை?

ஆகையால், பொதுஜன ஊழியர்கள் இனி எங்கேனும் கடல் உயர்வைப்பற்றி ஓர் எண் கூறப்பட்டால், எந்த வருஷத்து மட்டத்திலிருந்து, எந்த வருஷம் வரையில், உலகம் எவ்வழி நடந்தால், எவ்வளவு வாய்ப்போடு என்ற நான்கையும் கேட்க வேண்டும். இந்நான்கும் இல்லாத எண்ணை எந்தக் கட்சியார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளலாகாது. பத்து வருஷத்தில் பிரித்துப்போடும் கொட்டகைக்கு நடுத்தரமான மதிப்பீடு போதும். நூறு வருஷம் நிற்கவேண்டிய துறைமுகத்துக்கும், மின்சார நிலையத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும் மேல் எல்லைக்கும் அப்பாற்பட்ட அபாயத்தையே அளவாகக் கொள்ள வேண்டுமென்று வற்புறுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்துக் கோட்டுக்குப் பழைய இடத்தைத் திரும்பவும் சட்டத்தில் கொடுக்க வேண்டுமென்று கோர வேண்டும்.

முழு நிச்சயம் வந்த பிறகு காரியம் தொடங்குவோம் என்பவர்கள், கடல் வீட்டுக்குள் வந்து நிற்பதைத்தான் நிச்சயம் என்கிறார்கள். அந்த நிச்சயம் 1953-ல் ஒரு குளிர்கால இரவில் டச்சுக்காரர்களுக்குக் கிடைத்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையை நாமும் கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளம் வருமுன் அணை போடு என்பது நம் நாட்டுப் பழமொழி. வரப்போகும் வெள்ளத்தின் உயரத்தையும் கணக்கிட்டுச் சொல்லும் காலத்தில் வாழும் நாம், அந்தக் கணக்குக்குச் சட்டத்தின் பலத்தைத் தேடித் தருவதே இப்போதைய வேலை.